டாய்லெட் ஃப்ளஷில் வேகம் இல்லை: பழுதுபார்ப்பதா, டேங்க்கை மாற்றுவதா, கோப்பையையே மாற்றுவதா?

ஒரு தடவை அழுத்தினால் போகாது. இரண்டாவது தடவை அழுத்த டேங்க் நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். கடைசியில் வாளியில் பிடித்து ஊற்றினால்தான் போகும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அந்தச் சங்கடம் வேறு.

சமீபத்தில் மூன்று பேர் இதையே என்னிடம் கேட்டார்கள். வேளச்சேரியில் வாடகைக்கு இருக்கும் நண்பர், வீட்டுக்காரரை நம்பாமல் தானே என்ன செய்யலாம் என்று கேட்டார். மாடியில் புதிதாக அறை கட்டும் பக்கத்து வீட்டுக்காரர், டேங்க் வேண்டாம், நேரடியாக ஃப்ளஷ் வால்வு போட்டுவிடலாமா என்றார். ஈரோட்டில் இருக்கும் அத்தையிடம் பிளம்பர் ஒருவர் டாய்லெட் கோப்பையையே மாற்ற வேண்டும், எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் ஆகும் என்று சொல்லியிருந்தார். மூவருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டபோது, சென்னையில் பல வீடுகளில் செய்ததை அம்மாவும் செய்தார். ஒரு லிட்டர் பாட்டில் இரண்டில் மணல் நிரப்பி ஃப்ளஷ் டேங்க்குக்குள் போட்டுவைத்தார். ஒவ்வொரு ஃப்ளஷிலும் இரண்டு லிட்டர் மிச்சம். மழை வந்தது, ஏரிகள் நிரம்பின, பாட்டில்களை எல்லோரும் மறந்துவிட்டோம். இரண்டு வருடம் கழித்து ஃப்ளஷ் சரியில்லை என்று பிளம்பரைக் கூப்பிட்டபோது அவர் மூடியைத் திறக்காமலேயே டேங்க்குக்குள் இருக்கும் மிதவை, வால்வு எல்லாம் சேர்ந்த புது செட் வாங்கச் சொன்னார். நான் திறந்து பார்த்தேன். பாட்டில்களை எடுத்தேன், கோப்பையின் விளிம்புக்கு அடியில் தண்ணீர் வரும் ஓட்டைகளில் இருந்த உப்பைக் கரைத்தேன், சரியாகிவிட்டது. எதை மாற்றுவது என்று யோசிப்பதற்கு முன்னால் வேகம் எங்கே தொலைகிறது என்று தெரிந்தாக வேண்டும் என்பதை அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

## முதலில் ஒரு வாளித் தண்ணீர்

எட்டு அல்லது பத்து லிட்டர் தண்ணீரை இடுப்பு உயரத்திலிருந்து கோப்பைக்குள் ஒரே வீச்சில் ஊற்றுங்கள். சொட்டுச் சொட்டாக அல்ல, மூன்று நான்கு வினாடிக்குள் முழு வாளியும் இறங்க வேண்டும்.

தண்ணீர் சட்டென்று உள்வாங்கிப் போய்விட்டால் கோப்பையும் வெளியேறும் குழாயும் நன்றாக இருக்கின்றன. குறை டேங்க்கிலோ, டேங்க்கிலிருந்து விளிம்புக்கு வரும் வழியிலோ இருக்கிறது. தண்ணீர் மேலே ஏறி நின்று மெதுவாக இறங்கினாலோ, இறங்கும்போது 'களக் களக்' என்று சத்தம் வந்தாலோ குறை கீழே இருக்கிறது. அப்படியானால் டேங்க், வால்வு பற்றி எழுதியிருக்கும் எதுவும் உங்களுக்கு இப்போது தேவையில்லை. நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் யாரும் காசு செலவழிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள். குறை உண்மையில் அங்கேதான் இருக்கிறதா? ஒரு ஃப்ளஷுக்கு எவ்வளவு தண்ணீர் போகும்? கடை விலை போக, உடைப்பது, பூசுவது, கூலி எல்லாம் சேர்த்து என்ன ஆகும்? உங்கள் ஊர் உப்புத் தண்ணீரை அது தாங்குமா? ஐந்து வருடம் கழித்து ஒரு வாஷர் போனால் பக்கத்துக் கடையில் கிடைக்குமா?

தண்ணீர்க் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதைப் போட்டுப் பார்ப்பதில்லை. வீட்டில் நான்கு பேர், ஆளுக்கு நாளைக்கு ஐந்து தடவை என்றால் 20 ஃப்ளஷ். பழைய 10 லிட்டர் டேங்க்கில் 200 லிட்டர். இரண்டு பட்டன் உள்ள 6/3 லிட்டர் டேங்க்கில் நான்கு முழு ஃப்ளஷ், பதினாறு அரை ஃப்ளஷ் என்று வைத்தால் 24-உம் 48-உம் சேர்ந்து 72 லிட்டர். ஒரு நாளைக்கு 128 லிட்டர் வித்தியாசம். மூன்று மாதத்தில் அது 11,520 லிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு 12,000 லிட்டர் லாரித் தண்ணீர். ஆனால் அந்த 6 லிட்டர் ஒரே தடவையில் வேலையை முடித்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். இரண்டு தடவை அழுத்தினால் 12 லிட்டர் ஆகிவிடும், பழைய டேங்க்கே மேல்.

விலைகள் சுமாரானவை. ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

| வழி | கூலியோடு சுமார் செலவு | ஆகும் நேரம் | வாடகை வீட்டுக்கு |
|---|---|---|---|
| சுத்தம் செய்து அளவு சரிபார்ப்பது | ரூ. 100–200 | ஒரு இரவு | ஏற்றது |
| உள் செட் மாற்றுவது | ரூ. 800–2,000 | 1–2 மணி நேரம் | ஏற்றது |
| டேங்க் மாற்றுவது | ரூ. 1,800–4,000 | அரை நாள் | வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு |
| நேரடி ஃப்ளஷ் வால்வு | ரூ. 4,000-க்கு மேல், புது பைப் செலவு தனி | 1–3 நாள் | வேண்டாம் |
| கோப்பை மாற்றுவது | ரூ. 10,000–25,000 | 2–3 நாள் | வேண்டாம் |

## சுத்தம் செய்து, அளவைச் சரிபார்ப்பது

போர் தண்ணீர் பயன்படுத்தும் வீடு என்றால் இங்கேதான் தொடங்க வேண்டும். வாளிச் சோதனையில் தேறிய கோப்பைகளில் பாதிக்கு மேல் இதிலேயே சரியாகிவிடும் என்பது என் அனுபவம்.

மூடியைத் திறந்து பாருங்கள். நடுவில் நிற்கும் குழாயில், அதாவது அதிகத் தண்ணீர் வழிந்து போகும் குழாயில், வாய்க்குச் சுமார் ஒரு இஞ்ச் கீழே வரை தண்ணீர் நிற்க வேண்டும். அதற்கும் கீழே நின்றால் மிதவையை ஏற்றிவையுங்கள்; சிலதில் திருகு இருக்கும், சிலதில் கம்பியை லேசாக வளைக்க வேண்டியிருக்கும். டேங்க்குக்குத் தண்ணீர் விடும், சுவரில் இருக்கும் ஆங்கிள் காக் முழுதாகத் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது பாதி மூடியிருந்தால் டேங்க் நிரம்ப நேரமாகும், நிரம்புவதற்குள் அடுத்த ஆள் அழுத்திவிடுவார்.

இரண்டு பட்டன் டேங்க்கில் இன்னொன்று உண்டு. பட்டனுக்குக் கீழே தொங்கும் குச்சி குட்டையாக இருந்தால் வால்வு முழுதாக மேலே எழும்பாது, பாதித் தண்ணீரிலேயே மூடிவிடும். குச்சியை இரண்டு சுற்று நீட்டினால் போதும். வால்வின் பக்கவாட்டில் மேலும் கீழும் நகரும் ஒரு சிறு பிளாஸ்டிக் இருக்கும். எவ்வளவு தண்ணீர் மிச்சம் நிற்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. கடையில் வரும்போது அது சிக்கனப் பக்கம் வைக்கப்பட்டிருக்கலாம்.

அப்புறம் விளிம்பு. ஒரு சின்னக் கண்ணாடியை விளிம்புக்கு அடியில் பிடித்துப் பாருங்கள். வரிசையாக ஓட்டைகள் இருக்கும். உப்புத் தண்ணீர் வீடுகளில் அவற்றில் பாதி சுண்ணாம்பு போல் அடைத்திருக்கும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) 100 கிராமை ஒரு லிட்டர் சூடான தண்ணீரில் கரைத்து (கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பீங்கான் விரிசல் விடும்), டேங்க்கின் நடுக்குழாய் வழியாக மெதுவாக ஊற்றி இரவு முழுவதும் விடுங்கள். காலையில் செம்புக் கம்பியால் ஒவ்வொரு ஓட்டையையும் குத்திவிட்டு ஃப்ளஷ் செய்யுங்கள். படிவு கெட்டியாக இருந்தால் இரண்டு மூன்று இரவு ஆகும்.

தெருவில் பாட்டிலில் விற்கும் ஆசிட்டை வாங்கி ஊற்றும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. படிவு போகும், கூடவே டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டும் அரிக்கும், குழாய் முலாம் கருக்கும், செப்டிக் டேங்க் இருந்தால் அங்கே மலத்தை மட்க வைக்கும் நுண்ணுயிர்களும் சாகும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேரவே கூடாது. குளோரின் வாயு வரும். ஜன்னல் இல்லாத சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து.

வேளச்சேரி நண்பருக்கு நான் சொன்ன வழி இதுதான். வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியதில்லை, சுவரில் கை வைக்க வேண்டியதில்லை.

## உள் செட் மாற்றுவது

கழுவியும் சரியாகவில்லை, அல்லது கோப்பைக்குள் எப்போதும் மெல்லிய கோடாகத் தண்ணீர் ஓடுகிறது என்றால் வால்வின் ரப்பர் போயிருக்கும். இரவில் டேங்க்குக்குள் கொஞ்சம் பீட்ரூட் சாறு ஊற்றிவிட்டு, யாரும் அழுத்தாமல் காலையில் பாருங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம். தண்ணீர் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் வரும் வீட்டில் இந்த ஒழுக்குதான் ஃப்ளஷைப் பலவீனமாக்கும். டேங்க் எப்போதும் அரைகுறையாகவே இருக்கும்.

செட் வாங்கக் கடைக்குப் போகும்போது பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். தண்ணீர் டேங்க்குக்குப் பக்கவாட்டில் வருகிறதா, அடியிலிருந்து வருகிறதா என்பதைப் பொறுத்து மிதவை வால்வு மாறும். உயரமும் பட்டன் ஓட்டையின் அகலமும் பொருந்த வேண்டும்.

இதில் வெளியே தெரியாத செலவு ஒன்று இருக்கிறது. டேங்க் கோப்பையின் மேலேயே உட்கார்ந்திருக்கும் வகையில், வால்வை மாற்ற டேங்க்கைத் தூக்கியாக வேண்டும். பத்து வருடப் பழைய போல்ட் துருப்பிடித்துச் சுற்றாமல் நிற்கும். பலமாக முறுக்கினால் பீங்கான் உடையும், 900 ரூபாய் வேலை 9,000 ரூபாய் ஆகும். துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, அப்படியும் வரவில்லை என்றால் போல்ட்டை அறுத்து எடுக்கச் சொல்லுங்கள். டேங்க்கும் கோப்பையும் ஒரே துண்டாக வரும் மாடல்களில் அந்தக் கம்பெனி செட்தான் சேரும். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கலாம்.

மாற்றிய பிறகு டேங்க்குக்குள் போடும் நீல மாத்திரைகளை விட்டுவிடுங்கள். அவற்றில் குளோரின் உள்ளவை புது ரப்பரையும் சீக்கிரமே கெட்டியாக்கிவிடும்.

## டேங்க்கை மாற்றுவது

சுவரில் தொங்கும் பிளாஸ்டிக் டேங்க் விரிசல் விட்டிருந்தால், அல்லது செட் கிடைக்காத பழைய மாடல் என்றால், டேங்க்கையே மாற்றுவது நல்லது. ஆனால் இங்கே ஒரு தவறு நடக்கிறது. கோப்பையும் டேங்க்கும் ஜோடி. 10 லிட்டருக்கு வடிவமைத்த பழைய கோப்பைக்கு, தண்ணீர் மிச்சமாகும் என்று 6/3 டேங்க் வாங்கி மாட்டினால், முன்பு ஓரளவு போய்க்கொண்டிருந்ததும் நின்றுவிடும். பழைய கோப்பைக்கு 10/5 டேங்க் வாங்குங்கள். தண்ணீர் மிச்சம்தான் குறிக்கோள் என்றால் கோப்பையையும் சேர்த்து மாற்ற வேண்டும், அது வேறு பட்ஜெட்.

மாட்டும்போது டேங்க்கை அரை அடி உயர்த்தி, ஃப்ளஷ் பைப்பை நீளமாக எடுத்துக்கொண்டால் கூடுதல் வேகம் இலவசமாகக் கிடைக்கும். பழைய வீடுகளில் இந்தியன் டாய்லெட்டுக்கு மேலே, ஆள் உயரத்தில் இரும்பு டேங்க் வைத்துச் சங்கிலி தொங்கவிட்டது இதற்காகத்தான். பைப் கோப்பைக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பைப்பை அழுத்திச் செருகும்போது அது உள்ளே மடிந்து பாதி வழியை அடைத்துவிடும்.

பிரஷர் பம்ப் போட்டால் ஃப்ளஷ் வேகமாகுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆகாது. டேங்க் உள்ள டாய்லெட்டில் கோப்பைக்குள் விழும் வேகம், டேங்க்கில் இருக்கும் தண்ணீரின் அளவையும் உயரத்தையும் மட்டுமே பொறுத்தது. பம்ப் அந்த டேங்க்கைச் சீக்கிரம் நிரப்பும், அவ்வளவுதான். ஷவருக்காக பம்ப் வாங்குங்கள், இதற்காக வாங்காதீர்கள்.

## நேரடி ஃப்ளஷ் வால்வு

அலுவலகங்களிலும் புது அடுக்குமாடிகளிலும் பார்த்திருப்பீர்கள்: சுவரில் ஒரு பெரிய பட்டன், அழுத்தினால் மாடித் தொட்டித் தண்ணீர் நேராகப் பாய்ந்து வரும். நிரம்பக் காத்திருக்க வேண்டாம், பார்க்கவும் அழகு.

ஆனால் இதற்கு அழுத்தம் வேண்டும். ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் என்பது கணக்கு. பெரும்பாலான வால்வுகள் குறைந்தது 0.5 பாராவது கேட்கும், அதாவது மாடித் தொட்டித் தண்ணீர் மட்டம் வால்வுக்கு ஐந்து மீட்டர் மேலே இருக்க வேண்டும். தொட்டி மொட்டை மாடியில், டாய்லெட் அதற்கு நேர் கீழே என்றால் மூன்று மீட்டர்தான் வரும், அதாவது 0.3 பார். பக்கத்து வீட்டுக்காரர் கட்டும் மாடி அறைக்கு இது ஒத்துவராது என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான். அதே வீட்டின் தரைத்தளத்தில் போட்டால் நன்றாக வேலை செய்யும்.

அழுத்தம் மட்டும் போதாது, பைப்பும் பருமனாக இருக்க வேண்டும். தொட்டியிலிருந்து இந்த வால்வுக்கென்று தனியாக 32 மில்லிமீட்டர் லைன் வர வேண்டும். வீட்டில் ஏற்கெனவே ஓடும் முக்கால் இஞ்ச் பைப்பில் இணைத்தால் சத்தம்தான் வரும், வேகம் வராது. குளித்துக்கொண்டிருப்பவருக்கு ஷவர் நின்றுபோகும். கட்டி முடித்த வீட்டில் புது லைன் இழுப்பதென்றால் சுவரை வெட்டுவது, பூசுவது, டைல்ஸ் ஒட்டுவது என்று வால்வு விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகும்.

உப்புத் தண்ணீர் இதற்குப் பெரிய எதிரி. உள்ளே இருக்கும் பிஸ்டனில் படிவு ஏறினால் வால்வு முழுதாக மூடாமல் நின்றுவிடும். இரவில் அது நடந்தால் காலையில் மாடித் தொட்டி காலி. அழுத்திப் பிடித்த வரை தண்ணீர் போகும் மாடல்களில் குழந்தைகள் கையில் சிக்கனமும் இருக்காது. இன்னொன்று, டேங்க்கில் தண்ணீருக்கும் கோப்பைக்கும் நடுவே காற்று இடைவெளி உண்டு, இதில் இல்லை. தொட்டி காலியாகும்போது அழுக்குத் தண்ணீர் பின்னோக்கி இழுக்கப்படாமல் தடுக்கும் அமைப்பு வால்வில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

புதிதாகக் கட்டும் வீடு, கீழ்த்தளம், நல்ல தண்ணீர் மூன்றும் பொருந்தினால் தாராளமாகப் போடலாம். இல்லையென்றால் டேங்க்தான் என் தேர்வு.

## கோப்பையையே மாற்றுவது

கோப்பை விரிசல் விட்டிருந்தால், உள்வளைவு முழுவதும் படிவு கல்லாகி எதற்கும் கரையவில்லை என்றால், அல்லது 10 லிட்டர் கோப்பையை விட்டு 6 லிட்டருக்கு மாற விரும்பினால் இந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு.

கடைக்குப் போவதற்கு முன் அளவு எடுக்க வேண்டும். கழிவு சுவர் வழியாகப் போனால் பி-டிராப், தரை வழியாகப் போனால் எஸ்-டிராப். எஸ்-டிராப்பில், டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து தரை ஓட்டையின் நடு வரை எவ்வளவு என்று டேப் வைத்துப் பாருங்கள். 100, 220, 300 மில்லிமீட்டருக்கென்று தனித்தனி மாடல்கள் வருகின்றன. அளவு சேராத கோப்பையை வாங்கிவிட்டு, வளைந்த இணைப்பு ஒன்றைச் செருகிச் சமாளித்தால் அந்த வளைவிலேயே புது ஃப்ளஷின் வேகமும் போய்விடும்.

தண்ணீர் மேலிருந்து தள்ளுவது ஒரு வகை, நீண்ட வளைவு முழுதும் நிரம்பிக் கீழே உறிஞ்சுவது இன்னொரு வகை. உறிஞ்சும் வகை சத்தம் குறைவு, கோப்பையும் சுத்தமாகத் தெரியும். ஆனால் அதன் வளைவு பொதுவாகக் குறுகலானது, தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் உறிஞ்சல் தொடங்காது. நம் வீடுகளுக்குத் தள்ளும் வகையே பாதுகாப்பு. விளிம்பு ஓட்டைகளே இல்லாத புது மாடல்கள் உப்புத் தண்ணீர் ஊர்களுக்கு மிகவும் ஏற்றவை. அடைக்க ஓட்டையே இல்லை.

பழைய கோப்பை சிமெண்டில் புதைந்திருந்தால் சுற்றியுள்ள டைல்ஸ் உடையும், அதே நிறம் இப்போது கிடைக்காது. புதியதைச் சிமெண்டில் பதிக்காமல் ஸ்குரூவும் சிலிகானும் வைத்து மாட்டச் சொல்லுங்கள், அடுத்த தடவை உடைக்க வேண்டியிருக்காது. வீட்டில் ஒரே டாய்லெட், வயதானவர்களும் இருக்கிறார்கள் என்றால் அந்த இரண்டு நாளுக்கு எங்கே போவார்கள் என்பதைத் தேதி குறிப்பதற்கு முன்பே யோசித்துவிடுங்கள்.

## வாளித் தண்ணீரும் இறங்கவில்லை என்றால்

வீட்டுக்கு வெளியே கழிவுக் குழாய் வந்து சேரும் சிறு தொட்டியின், அதாவது சேம்பரின், மூடியைத் திறந்து, உள்ளே ஒருவரை ஃப்ளஷ் செய்யச் சொல்லிப் பாருங்கள். சேம்பரில் தண்ணீர் தேங்கி நின்றால் தெருச் சாக்கடையோ செப்டிக் டேங்க்கோ நிரம்பியிருக்கிறது. சேம்பர் காலியாக இருந்தும் உள்ளே மெதுவாக இறங்கினால் இரண்டுக்கும் நடுவில் அடைப்பு. நாப்கின், ஈரத் துடைப்பான், சில வீடுகளில் மர வேர்.

செப்டிக் டேங்க்கை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் அதற்குள் ஆளை இறக்க அனுமதிக்காதீர்கள். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. உள்ளே தேங்கும் வாயு ஒரு மூச்சில் ஆளை வீழ்த்தும், காப்பாற்ற இறங்குபவரையும் சேர்த்து.

தேங்கலும் இல்லை, அடைப்பும் இல்லை, 'களக் களக்' சத்தம் மட்டும் வருகிறது என்றால், கழிவுக் குழாயிலிருந்து மாடிக்கு மேலே போய்த் திறந்து நிற்கும் காற்றுக் குழாயைப் பாருங்கள். கழிவு இறங்கும்போது பின்னால் காற்று நுழைய வேண்டும். அது நுழையாவிட்டால், வாயை விரலால் மூடிய ஸ்ட்ராவில் தண்ணீர் நிற்பது போலக் கழிவும் தயங்கி நிற்கும்.

ஈரோட்டு அத்தை வீட்டில் நடந்தது இதுதான். போனில் வாளிச் சோதனையைச் செய்யச் சொன்னேன். மெதுவாக இறங்கியது, சத்தமும் வந்தது, சேம்பர் காலியாக இருந்தது. மாடிக்கு ஏறிப் பார்த்தபோது, முந்தைய வருடம் அங்கே ஒரு அறை கட்டிய சமயத்தில் காற்றுக் குழாயின் வாயைச் சிமெண்டு வைத்துப் பூசியிருந்தது தெரிந்தது. அதைத் திறந்து, புதுக் கூரைக்கு மேலே வரை பைப்பை நீட்டி, தலையில் ஒரு வலைமூடி வைக்கக் கூலியோடு 1,400 ரூபாய் ஆனது. கோப்பை அதேதான்.